காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை

எங்கள் வீட்டில் எந்நேரமும் பசை வாசனை அடிக்கும். மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, அடிபிடிக்காமல் கிண்டி, கண்ணாடி மாதிரி பளபளத்து வரும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு இறக்குவார் அப்பா. துத்தம் போட்டால் புத்தகத்தைப் பூச்சி அரிக்காது. ஆறின பசை பார்வைக்குக் கஞ்சி மாதிரியே இருக்கும். அதை நம்பி ஒரு விரல் நக்கிவிட்டு நாள் முழுக்க வாந்தி எடுத்தவன் நான்.

அப்பாவுக்குப் புத்தக பைண்டிங் தொழில். சிதம்பரத்தில் அதற்கு வேலைப் பஞ்சம் கிடையாது. 1929இல் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் தீசிஸ் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். காலிகோ ஒட்டி, முதுகில் தங்க எழுத்து போட்டு, நாளைக்கே வேண்டும் என்பார்கள். வீட்டு வாடகை அதில்தான் ஓடியது. இன்னொரு பக்கம், கோயிலைச் சுற்றியிருந்த மடங்களிலிருந்து தேவாரம், புராணம், சாத்திரம் என்று இத்துப்போன புத்தகங்கள் வரும். அவற்றுக்குக் காசு குறைவு. ஆனால் அப்பா அவற்றைத்தான் பொறுமையாகச் செய்வார். பழைய தையலைப் பிரித்து, பாரம் பாரமாக அடுக்கி, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டிக் காயவைப்பார். காய்கிற தாள்களின் மேல் கல் வைப்பது என் வேலை. கல் வைக்கிற சாக்கில் படிப்பதும் என் வேலை.

1971இல் ஆறாம் வகுப்புக்கு என்னை ஆறுமுக நாவலர் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. ‘பையன் எங்க படிக்கிறான்?’ ‘நாவலர்ல.’ அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சுவர்களில் நாவலர் என்றால் மந்திரி நெடுஞ்செழியன். தேர்தல் முடிந்த வருஷம். போஸ்டர்கள் இன்னும் கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. முதல் வாரமே தமிழ் ஐயா, “நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பேர் கொடுத்தவர் யார்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டபோது, நான்தான் முந்திக்கொண்டு எழுந்தேன். “மந்திரி ஐயா!” வகுப்பு சிரித்தது. தமிழ் ஐயாவும் சிரித்தார். “அவரும் நாவலர்தான், தப்பில்ல. ஆனா இந்தப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது 1864. மந்திரியோட தாத்தாவுக்கே அப்ப வயசு என்ன இருக்கும், கணக்குப் போட்டுப் பாரு. உட்காரு.”

பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். நெற்றி நிறைய திருநீற்றுப் பட்டை, கழுத்தில் உருத்திராட்சம், நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கப் போகிறவர் மாதிரி ஒரு முகம். அந்தப் படத்தைப் பார்த்து எனக்குப் பயம்தான் வந்தது. அன்பு வர வெகுகாலம் ஆனது. வந்ததும் வேறு வழியாக.

தமிழ் ஐயா அவர் கதையை ஒரே மூச்சில் சொல்லவில்லை. இலக்கணம் நடத்தும்போது கொஞ்சம், கட்டுரை திருத்தும்போது கொஞ்சம், மழை பெய்து வகுப்பில் பாதிப் பேர் வராத நாளில் நிறைய. 1822 டிசம்பர் 18இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தார். அப்பா கந்தப்பிள்ளை, அம்மா சிவகாமி. வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். அந்தப் பள்ளியின் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் பெயர்த்தபோது கூட உட்கார்ந்து தமிழைச் சரிபார்த்துக் கொடுத்தவர் இந்தச் சைவப் பிள்ளைதான். “பட்டையடிச்ச ஆளு பைபிள் மொழிபெயர்த்தாரா?” என்று ஒருவன் கேட்டான். “ஆமாம்டா. அதனாலதான் அவங்க எப்படி வேலை செய்யறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுது” என்றார் ஐயா.

அதுதான் விஷயம் என்று இப்போது படுகிறது. பாதிரிமார் கையில் இருந்தவை மூன்று: பள்ளிக்கூடம், அச்சு, வாரந்தோறும் பிரசங்கம். அவர் அந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் பிரசங்கம். அடுத்த வருஷம், இருபத்தைந்து வயதில், அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை. அதற்கும் அடுத்த வருஷம் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசக் கேட்டு ‘நாவலர்’ என்ற பட்டம் கொடுத்தார்கள். சம்பள வேலையை விட்டார், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடம் நடத்தினால் மட்டும் போதாது, பிள்ளை கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டும் என்று பாலபாடங்களைத் தானே எழுதித் தானே அச்சிட்டார். அந்த அச்சகத்தின் பெயர் வித்தியாநுபாலன யந்திரசாலை. அந்தப் பெயரைத் தடுக்காமல் சொல்பவனுக்கு ஒரு கமர்கட் என்று ஐயா பந்தயம் வைத்தார். நான் ஜெயித்தேன். வீட்டுக்கு வரும் பழைய புத்தகங்களின் முதல் பக்கத்தில் அந்தப் பெயரை நூறு தடவை பார்த்திருக்கிறேனே!

ஐயாவின் வகுப்பில் மறக்க முடியாதது வாசிப்பு. பாடப் புத்தகம் சர்க்கார் புத்தகம்தான். ஆனால் வாசிக்கிற முறை நாவலர் பள்ளிக்கூடத்து முறை என்பார். ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொல்வார். தான் கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலை மேஜைமேல் வைத்துக்கொள்வார். காற்புள்ளி வந்தால் விரல் ஒரு தட்டு தட்டும். அரைப்புள்ளிக்கு இரண்டு. முக்காற்புள்ளிக்கு மூன்று. முற்றுப்புள்ளிக்கு நான்கு. ஒரு தட்டு ஒரு மாத்திரை. தட்டு முடியுமுன் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டால், “மூச்சு வாங்கிக்கோ. உனக்காகத்தான் அந்தப் புள்ளிய வச்சிருக்காரு” என்று திரும்ப முதலிலிருந்து. ஓலைச்சுவடியில் புள்ளி கிடையாது, இடைவெளி கிடையாது. எங்கே நிறுத்துவது என்பது படிக்கிறவன் தலையெழுத்து. பாதிரிமார் அச்சோடு கொண்டுவந்த குறிகளை எடுத்து, நம் பழைய நூல்களுக்குள் பொறுமையாகப் பதித்து வைத்தவர் நாவலர் என்பார். சந்தி பிரித்து, குறி போட்டு, சாதாரணப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்படி. திருக்குறள் பரிமேலழகர் உரையை 1861இல் அவர் பதிப்பித்திருக்கிறார். பெரியபுராணத்தை 1852லேயே வசனமாக எழுதி அச்சிட்டிருக்கிறார். நூற்றுப்பத்து வருஷம் கழித்து, வகுப்பில் நாற்பது பையன்கள் மேஜையில் தட்டும் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினோம்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தில். வீட்டில் கதை வேறு.

என் ஆயா, அப்பாவின் அம்மா, வள்ளலார் வழி. எழுதப் படிக்கத் தெரியாது. அருட்பா முந்நூறு நானூறு பாட்டு மனப்பாடம். வள்ளலார் பிறந்த மருதூர் எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல. தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்க ஊரே மூட்டை கட்டும். ஆயா நடந்தே போவாள். 1867இல் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்பதைத் தன் சொந்த வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள். என்னை நாவலர் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அவள் அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் மட்டும் கேட்டாள்: “அந்த ஆளு பேருல இருக்கிற பள்ளிக்கூடத்துலயா சேத்தான் உங்கப்பன்?”

“ஏன் ஆயா?”

“எங்க சாமி பாடுனது அருட்பா இல்ல, மருட்பான்னு சொன்ன ஆளுடா அது. கோர்ட்டுக்கு இழுத்தாரு.”

பிறகு மஞ்சக்குப்பம் கோர்ட் கதையைச் சொன்னாள். 1869இல் நடந்த வழக்கு அது. சிதம்பரம் கோயிலில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் போட்டது. ஆயா சொன்ன கதையில், வள்ளலார் உள்ளே நுழைந்ததும் கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் தங்களையறியாமல் எழுந்து நின்றார்கள். நாவலரும் எழுந்துவிட்டார். ‘எதிராளிக்கே எழுந்து நிக்கிறியே, அப்புறம் என்ன வழக்கு?’ என்று ஜட்ஜ் தள்ளுபடி செய்துவிட்டார். இந்த இடத்தில் ஆயா எழுந்து நின்று காட்டுவாள். மறுநாள் நான் இதைத் தமிழ் ஐயாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “கோர்ட்டுல நடந்தது ஒண்ணு, ஊருல நடந்தது ஒண்ணு. உங்க ஆயா சொன்னது ஊருல நடந்தது” என்றார். நாவலர் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதியது உண்மை என்பதையும் மறைக்கவில்லை. நாவலரும் வள்ளலாரும் போன பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. அருட்பாவுக்காக மேடை ஏறி வாதாடியவர் செய்குத்தம்பிப் பாவலர் என்ற முஸ்லிம் புலவர் என்று அவர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். ஆயாவுக்கு அன்று முழுக்க சந்தோஷம். இரண்டு தோசை அதிகம் கிடைத்தது.

ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. பாலபாடம் நான்காம் புத்தகத்தில் கொலை, புலால், கள், களவு என்று வரிசையாக வைத்து விளாசியிருப்பார் நாவலர். ஆயாவின் சாமியும் உயிர்க்கொலை ஆகாது என்றவர். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். கிள்ளையிலிருந்து கூடைக்காரம்மா இறால் கொண்டுவருகிற நாளில், அம்மா தாழ்வாரத்தில் தனி அடுப்பு மூட்டுவாள். பள்ளிக்கூடத்துக்கும் தெரியக் கூடாது, ஆயாவுக்கும் தெரியக் கூடாது. வாசனை எங்கே போகும்? ஆயா அன்று சீக்கிரமே கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் யாழ்ப்பாணத்து ஆட்கள் வருவார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். சிதம்பரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததல்ல. ஊரில் ஞானப்பிரகாசர் குளம் என்று ஒன்று உண்டு, தெப்பம் விடுவார்கள். அதை வெட்டியவர் பறங்கியர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து தப்பி வந்த ஞானப்பிரகாச முனிவர். தினம் ஒரு வீடு பறங்கிக்குப் பசு கொடுக்க வேண்டும் என்று கட்டளை. தன் முறை வருவதற்கு முன்னால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார் என்பது கதை. நாவலர் அவர் வழியில் வந்தவர் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். குளத்தை வெட்டியவரும் அந்த ஊர், பள்ளிக்கூடம் கட்டியவரும் அந்த ஊர். இந்த ஊர்க்காரர்கள் நாங்கள் குளித்தோம், படித்தோம்.

அப்படி ஒரு மார்கழியில் ஒரு பெரியவர் ஒரு துணிமூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உயரமான ஆள், வெள்ளை வேட்டி, சால்வை. மூட்டைக்குள் இரண்டு புத்தகம், அட்டை போய், முதல் பக்கமும் போய்: ஒன்று பாலபாடம், ஒன்று பெரியபுராண வசனம். அப்பா விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைப் பார்த்தார்.

“தம்பி எந்தப் பள்ளிக்கூடத்திலை படிக்கிறீர்?”

“நாவலர் பள்ளிக்கூடம்.”

அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்க முடிகிறது. சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேவிட்டார். “எங்கடை பள்ளிக்கூடம்” என்றார். மடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, அதன் மூலையில் ஒட்டியிருந்த தபால்தலையைக் காட்டினார். எங்கள் வகுப்புச் சுவரில் இருந்த அதே முகம், விரல் நகம் அளவில், மேலே அஞ்சல் முத்திரையின் கறுப்பு வட்டம். அந்த வருஷம்தான் இலங்கை அரசாங்கம் வெளியிட்டிருந்தது. உறையோடு எனக்கே கொடுத்துவிட்டார். மறுநாள் வகுப்பில் நான் மந்திரியைவிடப் பெரிய ஆள்.

அவர் நிறையப் பேசினார். பள்ளிக்கூடத்துக்காக வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்தது பற்றிச் சொன்னார்: உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து ஒரு பானையில் போட்டுவைக்க வேண்டும், அது பள்ளிக்கூடத்துக்கு. ஆயா சமையல்கட்டு நிலையில் சாய்ந்துகொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். 1877இல் பஞ்சம் வந்தபோது நாவலர் கஞ்சித் தொட்டி வைத்து ஊருக்கே கஞ்சி ஊற்றியதைப் பெரியவர் சொன்னபோது, அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“கஞ்சி ஊத்துனாரா? நெசமாவா?”

“ஓமம்மா. கவர்மென்ட் ஏசண்டு பார்த்துக்கொண்டு சும்மா இருக்கேக்கை, இவர்தானே பணம் தெண்டி ஊத்தினவர்.”

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். ஆயா யாருக்கும் தானாக மோர் கொடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த இரண்டு புத்தகங்களும் வீட்டில் பத்து நாள் இருந்தன. அப்பா பிரித்துத் தைத்தார். அதே சமயம் ஆயாவின் அருட்பாவும் முதுகு விட்டுப்போய்க் காத்துக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியாதவளுக்குப் புத்தகம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டுதான் பாடுவாள். எங்கள் வீட்டு பிரஸ் இரண்டு கனத்த பலகையும் நடுவில் ஓர் இரும்புத் திருகும் கொண்டது. புது அட்டை ஒட்டிய புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கி ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். அன்று அடுக்கியது நான். எந்த யோசனையும் இல்லை. அளவு பார்த்துத்தான் அடுக்கினேன். காலையில் ஆயா வாசல் தெளிக்கப் போகிறவள் பிரஸ்ஸைப் பார்த்து நின்றுவிட்டாள். அருட்பாவின் பச்சை காலிகோ அவளுக்கு அடையாளம் தெரியும். அதன்மேல் கவிழ்ந்து கிடந்தது யாழ்ப்பாணத்துப் பெரியவரின் புத்தகம்.

“அடப்பாவி! ரெண்டு பேத்தையும் ஒண்ணா வச்சி நசுக்கிட்டியேடா!”

அப்பா பல் தேய்த்துக்கொண்டே சிரித்தார். புரையேறிவிட்டது. நான் அவசரமாகத் திருகைத் தளர்த்தப் போனேன். ஆயா, “விடு, இனிமே பிரிச்சா மட்டும் என்ன, காயட்டும்” என்று சொல்லிவிட்டு வாளியோடு வெளியே போனாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஓமக்குளத்துப் பக்கம், நந்தனார் பெயரில். தில்லைக்குள் நுழைவதற்கு முன் நந்தனார் தீயில் இறங்கிய இடம் அது என்று ஊரில் சொல்வார்கள். அங்கே 1916இல் சுவாமி சகஜானந்தர், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளி நடத்தினார். எங்கள் பள்ளி ஆரம்பித்து ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, அதே ஊரில், நடந்து போகிற தூரத்தில், அப்படி ஒரு தனிப் பள்ளி வேண்டியிருந்தது. நாவலர் வகுத்த சைவ ஒழுக்கத்துக்குள் சாதி வேறுபாடும் இருந்தது. அதை அவர் ஒளித்ததும் இல்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. கோயில் தீட்சிதர்களோடு ஆகமம் பற்றி மோதத் துணிந்த மனிதர், பாதிரிமாரிடமிருந்து புள்ளியையும் அச்சையும் தயங்காமல் எடுத்துக்கொண்டவர், அவர்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் யார் யார் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் எல்லாரும் இருந்தோம். வாலிபால் ஆட நந்தனார் பள்ளிப் பையன்கள் வருவார்கள். பெரும்பாலும் தோற்பது நாங்கள்தான். அன்றைக்கு இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வைத்தது ஆயாதான்.

புத்தகங்கள் திரும்பிப் போவதற்கு முதல் நாள் ராத்திரி. கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பெரியபுராண வசனத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன், ஐயாவின் விரல் மேஜையில் தட்டுவதாக நினைத்துக்கொண்டு. காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு. தற்செயலாகத் திறந்த பக்கம் திருநாளைப்போவார் புராணம். ஆயா பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆதனூர், கொள்ளிடக்கரை, கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்த பிழைப்பு என்று வரும்போது எழுந்து உட்கார்ந்தாள். திருப்புன்கூரில் நந்தி விலகியபோது கை குவித்தாள். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று நாள் கடத்துகிற இடம் வந்ததும் குறுக்கே மறித்தாள்.

“இருடா. பண்ண ஐயரு எங்க?”

“எந்த ஐயரு?”

“நந்தனாருக்கு உத்தரவு குடுக்காம, நாப்பது வேலி நெலத்தயும் ஒரே ராத்திரில நட்டு அறுத்துட்டுப் போன்னு சொல்லுவானே, அந்த ஐயரு. காலட்சேபத்துல கேட்டிருக்கேன், சினிமாவுலயும் வந்துச்சி.”

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஓர் ஐயர் அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. மறுநாள் தமிழ் ஐயா சொல்லித்தான் தெரிந்தது: அந்த வேதியர் கோபாலகிருஷ்ண பாரதியார் தன் நந்தனார் சரித்திரத்துக்காக உண்டாக்கிய ஆள், சேக்கிழாரில் கிடையாது, சேக்கிழாரில் இல்லாததை நாவலர் சேர்க்க மாட்டார். அன்று ராத்திரி எனக்கு அது தெரியாது. “இந்தப் புத்தகத்துல இல்ல ஆயா” என்றேன்.

“அப்ப அவர யாரு தடுத்தா?”

பதில் தெரியாமல் மேலே வாசித்தேன். தில்லை எல்லையில் வந்து நிற்கிறார், உள்ளே போகவில்லை, தன் பிறப்பை நினைத்துத் தானே வெளியில் நின்று, ஊரை வலம் வந்துகொண்டே இருக்கிறார். யாரும் தடுக்கவில்லை. தடை அவருக்கு உள்ளேயே இருக்கிறது. கனவில் கூத்தப்பிரான் வந்து தீயில் மூழ்கி வா என்கிறார். தென்மதில் வாசலுக்கு வெளியே தீ வளர்க்கிறார்கள். இறங்குகிறார். முனிவர் வடிவத்தோடு, மார்பில் பூணூலோடு எழுந்து வருகிறார். உள்ளே போகிறார். மறைந்துவிடுகிறார். முற்றுப்புள்ளி. நான்கு மாத்திரை நிறுத்தினேன்.

கோயிலில் அர்த்தசாம மணி அடித்தது. எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்.

ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருந்தாள். “நல்லா நிறுத்தி நிறுத்திப் படிக்கிற. எல்லாம் வெளங்குது. யாருடா இத எழுதுனது?”

முதல் பக்கம் இல்லாத புத்தகம். நான் பொய் சொல்லியிருக்கலாம். சேக்கிழார் என்று சொல்லியிருந்தால் அது பொய்யும் இல்லை.

“எங்க பள்ளிக்கூடத்து நாவலரு, ஆயா.”

விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. வெகுநேரம் வெற்றிலைப் பையைத் துழாவினாள். பாக்கு எடுக்கவும் இல்லை, பையை மூடவும் இல்லை.

“எழுதத் தெரிஞ்சவருதான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஆனா பாரு, தீயில எறங்கித்தான் உள்ள போவணும்னு எழுதிப்புட்டு, அப்பிடியே முடிச்சிட்டுப் போயிட்டாரு. அது சரியான்னு ஒரு வார்த்த கேக்கலயே. எங்க சாமி தீய மூட்டுனாரு, சோறாக்கிப் போட. வந்தவன யாரு என்னன்னு கேட்டாரா?”

நான் பேசாமல் இருந்தேன். தமிழ் ஐயா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்திருப்பார்.

“அடுத்தது யாரு கத?”

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். திருக்குறிப்புத்தொண்டர், காஞ்சிபுரத்தில் அடியார்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர்.

“வண்ணாரா?”

“ஆமா ஆயா.”

சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“திரியக் கொஞ்சம் தூண்டிட்டுப் படி.”